பிள்ளைகளுக்கு எந்த விலங்குக் கதையைக் கொடுக்கலாம்?

(சென்ற ஆண்டு சிறுமலையில் நடந்த நம் சங்கச் சந்திப்பில், குடும்பத்தோடு வந்திருந்த உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியமட்டும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



திண்டுக்கல்லிலிருந்து இங்கே 25 கிலோமீட்டர்தான். ஆனால் 18 கொண்டை ஊசி வளைவு. நம்மில் பல பேர் கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடியே வந்து சேர்ந்தோம். கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்கள் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். பாதி மலையில் நம் பஸ் நின்றது. சாலையோரம் ஒரு காட்டுமாடு. கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. பள்ளிக்கூடப் பிள்ளை சாக்ஸ் போட்டது போல. அது நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி புல்லைக் கடித்தது. அப்போது என் பின் சீட்டிலிருந்து ஒரு பேரன் கேட்டான்: "தாத்தா, அது நல்லதா, கெட்டதா?"

பஸ்ஸில் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. அந்தத் தாத்தா, ஒரு பெரிய வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், "அது... காட்டுமாடுப்பா" என்று சொல்லி நிறுத்திவிட்டார். சரியான பதில்தான். ஆனால் பிள்ளை கேட்டது வேறு. அவன் பார்த்த கார்ட்டூனில் ஒவ்வொரு மிருகமும் ஒன்று நல்லவன், இல்லாவிட்டால் வில்லன். இது எந்தக் கட்சி என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு இன்று கொடுத்திருக்கும் வேலை இதையொட்டியதுதான். மலையிலுள்ள பள்ளிக்கூடங்களுக்குச் சங்கத்தின் சார்பில் ஆளுக்கொரு புத்தகப் பெட்டி கொடுப்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். "நீ 30 வருஷத்துக்கு மேலே நூலகனாகக் குப்பை கொட்டினவன், விலங்குக் கதைகளாகப் பார்த்து ஒரு பட்டியல் கொடு, சின்னதுகளுக்கும் வேணும், பெரிசுகளுக்கும் வேணும்" என்று செயலாளர் உத்தரவு. பட்டியல் கொடுக்கிறேன். அதற்கு முன் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

மயிலுக்குப் போர்வை

நம் மாவட்டத்தின் பழைய விலங்குக் கதை எது தெரியுமா? பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை. கடையெழு வள்ளல்களில் ஒருவன், பழனி மலைப் பக்கத்தை ஆண்டவன். நாம் எல்லாரும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மயிலுக்குத்தான் தோகை இருக்கே, போர்வை எதுக்கு சார்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் விலங்குக் கதைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒன்று, போர்வை போர்த்திய கதை. அதில் வரும் நரி நரியில்லை, நரித்தோல் போர்த்திய நம் பக்கத்து வீட்டுக்காரர். பேசும், பொய் சொல்லும், கடன் வாங்கும். இன்னொன்று, போர்வை இல்லாத கதை. அதில் விலங்கு விலங்காகவே இருக்கும். அதற்குக் குளிருமா, பசிக்குமா, எதைப் பார்த்தால் பயம் என்று நாம்தான் அதன் பக்கத்தில் போய் நின்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டும் வேண்டும். பேகனைக் குறை சொல்லவில்லை. அவன் மனசில் இருந்தது அன்பு. தனக்குக் குளிரும்போது மயிலுக்கும் குளிருமே என்று நினைத்தான் பாருங்கள், அதுதான் முதல் படி. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த முதல் படி போதும். வயசு ஏற ஏறப் போர்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். என் பட்டியலின் வரிசை அவ்வளவுதான்.

மடியில் உட்கார்கிற வயசு

மூன்று வயசு முதல் ஆறு வயசு வரை. இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தைவிட உங்கள் குரல்தான் முக்கியம். பாட்டி சுட்ட வடையைக் காக்கா தூக்கிய கதையை விட வேண்டாம். அது ஈசாப்பின் கதை; அங்கே பாலாடைக்கட்டி, நம்மிடம் வந்ததும் வடையாகிவிட்டது. கதைகள் அப்படித்தான் ஊர் மாறும்போது உடுப்பு மாற்றும். ஒரு பையன் என்னிடம், "காக்கா ஏமாந்துச்சு, நரி ஏமாத்துச்சு, சரி. வடையைப் பாட்டிகிட்ட யாரு திருப்பிக் கொடுப்பா?" என்று கேட்டான். நீதிபதியாக வர வேண்டிய பிள்ளை.

பாட்டுக்கு அழ. வள்ளியப்பா. 1922 முதல் 1989 வரை வாழ்ந்தவர், குழந்தைக் கவிஞர் என்றே பெயர். அவருடைய 'மலரும் உள்ளம்' பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டும். படப் புத்தகங்களுக்கு நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை, சென்னை தூலிகா பதிப்பகத்தின் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த புத்தகங்கள். செல்போனை விடவே மாட்டேன் என்கிற வீட்டில், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் காசில்லாமல் படிக்கலாம். ஆனால் பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டு நீங்கள் எழுந்து போகக் கூடாது.

இன்னொன்று சொல்கிறேன். பீட்ரிக்ஸ் பாட்டர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1893இல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஒரு சிறுவனுக்கு, என்ன எழுதுவதென்று தெரியாமல், முயல் படம் போட்டு ஒரு கடிதம் எழுதினார். அதுதான் 1902இல் 'பீட்டர் முயல்' கதையாக அச்சில் வந்து உலகமெல்லாம் போனது. அதில் முயல் சட்டை போட்டிருக்கும். ஆனால் தோட்டக்காரர் வீட்டில் அந்த முயலின் அப்பாவைச் சமைத்துவிட்டார்கள் என்பதையும் அம்மா முயல் மறைக்காமல் சொல்லிவிடும். சின்னப் பிள்ளைகள் அதற்கெல்லாம் பயப்படுவதில்லை. பயப்படுவது நாம்தான். வெளியூரில் பேரப்பிள்ளை இருக்கிறவர்கள் மாசத்துக்கு ஒரு கடிதம், ஒரு மிருகம் என்று எழுதிப் பாருங்கள். படம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

கீரிப்பிள்ளை கதை

ஏழு முதல் பத்து வரை. இது பஞ்சதந்திர வயசு. தாண்டவராய முதலியார் 1826இலேயே தமிழ் உரைநடையில் கொண்டுவந்துவிட்டார். இன்று எளிய பதிப்புகள் எத்தனையோ. குரங்கும் முதலையும், சிங்கமும் முயலும், எல்லாம் போர்வைக் கதைகள். படிக்கட்டும்.

அதில் ஒரு கதையை மட்டும் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்குக் காவலாகக் கீரிப்பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் தண்ணீருக்குப் போகிறாள். பாம்பு வருகிறது. கீரி அதைக் கடித்துப் போட்டுவிட்டு, வாயெல்லாம் ரத்தமாக, வாசலுக்கு ஓடி வருகிறது. அவள் ரத்தத்தைப் பார்க்கிறாள், குடத்தைத் தூக்கிப் போடுகிறாள். உள்ளே போனால் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது.

ஏழு வயசுப் பிள்ளை இதைக் கேட்டு, "ஐயோ பாவம் கீரி" என்று அழும். பத்து வயசுப் பிள்ளை, "உள்ளே போய்ப் பார்த்துட்டு அடிச்சிருக்கலாமே" என்று சொல்லும். கல்லூரிக்கு வந்த பிறகு சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையைத் திறந்தால் அதே கீரிப்பிள்ளை அங்கே நிற்கிறது. கீரியைக் கொன்றதால் கணவன் கைவிட்டுப் போன பெண்ணுக்குக் கோவலன் பொருள் கொடுத்து, தானம் செய்வித்து, கணவனோடு சேர்த்து வைத்தான் என்று மாடலன் சொல்கிறான். யாரைப் பற்றி? இன்னும் கொஞ்ச நேரத்தில் மதுரையில் விசாரணையில்லாமல் வெட்டுப்படப் போகிற அதே கோவலனைப் பற்றி. விசாரிக்காமல் அடித்த பெண்ணுக்கு உதவினவனே விசாரிக்காமல் கொல்லப்படுகிறான். ஏழு வயசில் கேட்ட கதைக்கு இருபது வயசில் அர்த்தம் கிடைக்கிறது. ஆகவே, "இது சின்னப் பிள்ளைக் கதை, இது பெரியவர் கதை" என்று ரொம்பக் கறாராகக் கோடு போடாதீர்கள். நல்ல விலங்குக் கதை கூடவே வளரும்.

இதே வயசுக்கு, கீரியையே நாயகனாக வைத்த கிப்ளிங்கின் 'ரிக்கி-டிக்கி-டாவி'யையும் சேர்த்துக் கொடுங்கள். 1894இல் வந்த 'ஜங்கிள் புக்'கில் இருக்கிறது. மௌக்ளியை எல்லாருக்கும் தெரியும், கீரியைத் தெரிந்தவர் குறைவு. நம் கதையில் கீரி செத்துப்போகும், அவர் கதையில் ஜெயிக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துக் காட்டுங்கள், எது பிடித்தது என்று கேளுங்கள். பிள்ளைகள் சண்டை போடுவார்கள், நல்லது.

1980களில் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு வந்த 'பூந்தளிர்' இங்கே எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? கை தூக்குங்கள். அடேயப்பா! வாலை நீட்டுகிற குரங்கு கபீஷ், காக்கை காளி. அந்தப் பத்திரிகையும் நின்றுவிட்டது, 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவும் நின்றுவிட்டது. பரணில் பழைய இதழ் வைத்திருப்பவர்கள் பெட்டிக்குக் கொடுத்து உதவலாம். கரையான் தின்பதற்குப் பிள்ளைகள் படித்துக் கிழிக்கலாம்.

போர்வை விலகும் வயசு

பதினொன்று முதல் பதினான்கு வரை. இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். இந்த வயசில் "நீதி என்ன?" என்று கேட்டால் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். நீதி இல்லாத கதையாகக் கொடுங்கள்.

டால்ஸ்டாய் எழுதிய சிங்கமும் நாய்க்குட்டியும் கதை மூன்று பக்கம்கூட வராது. காட்சிசாலைச் சிங்கத்துக்கு இரையாக ஒரு தெரு நாய்க்குட்டியை உள்ளே போடுகிறார்கள். சிங்கம் அதைத் தின்னவில்லை. இரண்டும் ஒரே கூண்டில் ஒரு வருஷம் இருக்கின்றன. நாய்க்குட்டி நோயில் சாகிறது. வேறொரு நாயைப் போட்டால் மறந்துவிடும் என்று நினைக்கிறார்கள். சிங்கம் அந்த நாயைக் கடித்துப் போட்டுவிட்டு, செத்த குட்டியை அணைத்துக்கொண்டு ஐந்து நாள் கிடந்து, ஆறாம் நாள் தானும் சாகிறது. அவ்வளவுதான். ஏன் என்று டால்ஸ்டாய் சொல்லவில்லை. இதைப் படித்துக் காட்டினால் வகுப்பில் இரண்டு நிமிஷம் சத்தம் இருக்காது. அந்த இரண்டு நிமிஷத்தில் நாம் வாயைத் திறக்கக் கூடாது.

கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்'. கரிசல் காட்டில் பறவைகளுக்கும் முட்டைகளுக்கும் பின்னால் அலைகிற ஒரு சிறுவனின் கதை. அதைப் படித்த பிள்ளை வீட்டு வாசல் மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்க்கும். ஜாக் லண்டனின் நாய்க்கதையைப் பெரியசாமித் தூரன் 'கானகத்தின் குரல்' என்று தமிழாக்கியிருக்கிறார். வீட்டு நாய் பனிக்காட்டில் ஓநாய்க் கூட்டத்தோடு போய்ச் சேருகிற கதை. எஸ். ராமகிருஷ்ணனின் 'கால் முளைத்த கதைகள்' பல நாட்டுப் பழங்குடிகள் சொன்ன கதைகளை மறுபடி சொல்வது. மலைப் பள்ளிக்கூடத்துக்குப் பொருத்தமானது.

பெரியவர்களுக்கு

பதினைந்துக்கு மேலே. கல்லூரித் தம்பி தங்கைகளே, "விலங்குக் கதையா, அது சின்னப் பிள்ளை சமாச்சாரம்" என்று நினைத்தால் இந்த நாலைந்தைப் படித்துவிட்டு என்னிடம் வாருங்கள்.

முதலில் நம்மூர்க்காரர். வத்தலக்குண்டு சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்', 1959இல் நூலாக வந்தது. ஒரே உட்காரலில் படித்துவிடலாம். அப்பனைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அடக்க வருகிற பிச்சி. மாடு மாடாகவே இருக்கிறது. மனுஷனுடைய மானமும் ஜமீன்தாருடைய கௌரவமும்தான் அதன் கொம்பில் கட்டியிருக்கின்றன. கடைசியில் துப்பாக்கியை எடுப்பது யார், சுடப்படுவது எது என்று தெரிந்ததும் மனசு கனத்துப் போகும்.

அடுத்து ஜெயமோகனின் 'யானை டாக்டர்', 2011. டாப்ஸ்லிப்பில் வேலை செய்த கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி அவர்களை வைத்து எழுதியது. குடித்துவிட்டு உடைத்துப் போடுகிற பாட்டில் யானையின் காலில் ஏறினால் என்ன ஆகும் என்று அதில் வருகிறது. நான் விவரிக்க மாட்டேன், சாப்பாட்டு நேரம். ஆனால் சாயங்காலம் கிளம்பும்போது நம் பஸ்ஸில் வந்த ஒவ்வொரு பாட்டிலும் கீழே இறங்க வேண்டும். எண்ணி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை', 2016. அப்புறம், தியடோர் பாஸ்கரன் தொகுத்த மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. இது கதையில்லை, கட்டுரை. ஆனால் காட்டுயிரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது.

ஐந்தாவது, க.நா.சு. மொழிபெயர்த்த 'விலங்குப் பண்ணை'. ஆர்வெல் எழுதி 1945இல் வெளிவந்தது. அட்டையில் பன்றியும் குதிரையும் இருக்கிறதே என்று ஆறு வயசுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த பெற்றோர் உண்டு. வேண்டாம். அதில் பாக்ஸர் என்றொரு குதிரை. எல்லாருக்காகவும் உழைத்து ஓய்ந்த பிறகு, அதை ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி வண்டியில் ஏற்றுகிறார்கள். வண்டியில் எழுதியிருப்பதைக் கழுதை வாசித்துச் சொல்லும்போதுதான் அது குதிரை அறுக்கிறவனுடைய வண்டி என்று மற்றவைக்குத் தெரிகிறது. அதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது.

அந்தப் பக்கத்தை இன்றைக்கும் என்னால் சும்மா தாண்ட முடிவதில்லை. அதற்குக் காரணம் வேறொரு குதிரை.

செவலை

என் வகுப்புத் தோழர்களுக்கே இது தெரியாது. ஐம்பது வருஷமாகச் சொன்னதில்லை. நான் இந்த மலையில் பிறந்தவன். "திண்டுக்கல் பக்கம்" என்று மட்டும் உங்களிடம் சொல்லி வந்தேன். என் அப்பாவிடம் மூன்று பொதிக்குதிரைகள் இருந்தன. தோட்டத்திலிருந்து வாழைத்தார், எலுமிச்சை, பலா எல்லாம் குதிரை முதுகில்தான் வரும். இன்றைக்கும் இங்கே சில தோட்டங்களில் அப்படித்தான். அதில் ஒன்று செந்நிறப் பெண்குதிரை. அதன் நிறத்தை வைத்து 'செவலை' என்றே கூப்பிடுவோம். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அது குட்டி. நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்து, "வாம்மா செவலை" என்றால் எவ்வளவு தூரத்திலிருந்தாலும் காதைத் திருப்பும்.

1970களில் சிறுமலை வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்தது. அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ். குருத்து கொத்தாகச் சுருண்டு தார் போடாமலே நின்றுவிடும். மலை முழுக்கத் தோட்டம் தோட்டமாக அழிந்தது. பின்னாளில், 2008இல், இதே சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குத் தார் இல்லை, பொதி இல்லை, குதிரைக்கு வேலையில்லை. நான் பி.யூ.சி. சேர்ந்த 1974இல், கல்லூரிக் கட்டணத்துக்கும் விடுதிக்குமாக, அப்பா இரண்டு குதிரைகளை விற்றார். செவலை அதில் ஒன்று.

சில மாசம் கழித்து, விடுதி நண்பர்கள் நாலு பேர் சினிமா பார்த்துவிட்டு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஜட்கா பிடித்தோம். ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். இடது காதில் பழைய வடு. விலா எலும்பை எண்ணலாம். சேணம் உரசிய இடத்தில் புண், அதன் மேல் ஈ. ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. வண்டிக்காரர் சாட்டையை எடுத்தார். நண்பர்கள் சிரித்தார்கள். "மாப்ளே, நாமதான் இறங்கி இதைத் தூக்கணும் போல!"

நான் ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும், அது திரும்பியிருக்கும். கொடுக்கவில்லை. கொடுத்தால் நான் குதிரைக்காரன் மகன் என்று தெரிந்துவிடும். விடுதியில் அந்தப் பெயர் கடைசி வரை ஒட்டிக்கொள்ளும். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இறங்கி என் பங்குக் காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் எங்களுக்கு ஆங்கிலத்தில் நான்-டீடெய்ல்டு புத்தகம் 'பிளாக் பியூட்டி', சுருக்கப் பதிப்பு. அன்னா சூவெல் எழுதியது. பதினான்கு வயசில் கணுக்காலில் அடிபட்டு, வாழ்நாள் முழுக்கச் சரியாக நடக்க முடியாமல், எங்கே போனாலும் குதிரை வண்டியை நம்பி இருந்தவர். படுக்கையில் கிடந்தபடி எழுதி 1877இல் வெளியிட்டார். 1878இல் இறந்துபோனார். அவர் எழுதிய ஒரே புத்தகம். குதிரையே தன் கதையைச் சொல்வதாக எழுதியது; பிள்ளைகளுக்காகக்கூட இல்லை, குதிரையோடு வேலை செய்கிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதினார். அழகுக்காகக் குதிரையின் தலையை இழுத்துக் கட்டி வைக்கிற கொடிய வாரை இங்கிலாந்தில் மெல்ல மெல்ல ஒழித்ததில் அந்தப் புத்தகத்துக்குப் பங்கு உண்டு.

அதில் ஜிஞ்சர் என்றொரு குதிரை. நல்ல வீட்டில் பியூட்டியோடு சேர்ந்து இருந்தது. பிற்பாடு லண்டன் வாடகை வண்டியில் மாட்டி, எலும்பும் தோலுமாகப் பழைய சினேகிதனைப் பார்க்கிறது. சில நாள் கழித்து ஒரு செத்த குதிரையை ஏற்றிய வண்டி பியூட்டியைத் தாண்டிப் போகிறது. அது ஜிஞ்சராகத்தான் இருக்கும். ஜிஞ்சரும் செவலை நிறம்.

பேராசிரியர் அதைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தார். நான் வகுப்பிலிருந்து எழுந்து, வயிற்றுவலி என்று சொல்லி, ஸ்டேஷனுக்கு நடந்தேன். அதே வண்டிக்காரர் வேறு குதிரையோடு நின்றார். பழைய குதிரை எங்கே என்று கேட்டேன். "அது போயிருச்சு தம்பி, போன மாசம்" என்றார். நல்ல மனுஷர். நான் ஏன் நிற்கிறேன் என்று தெரியாமல், "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கும் வயிறு இருந்தது.

அந்தப் புத்தகத்தைப் பத்து வயசில் படித்திருந்தால் நான் செவலையைக் கூப்பிட்டிருப்பேனா? தெரியாது. புத்தகம் ஒருத்தனை நல்லவனாக்கிவிடும் என்று நூலகனாக இருந்தவன்கூடச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எனக்கு ஒன்று நிச்சயம். எங்கள் வீட்டுக் குதிரையைப் போல ஒன்று அச்சில் வரும், அதைப் பற்றி ஒரு கல்லூரியே படிக்கும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால், குதிரைக்காரன் மகன் என்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று தோன்றியிருக்கும். நான் நூலகனானதற்கு அதுதான் காரணம். மலைப் பிள்ளைகளுக்குப் பெட்டி என்று நீங்கள் சொன்னதும் உடனே சரி என்றதற்கும் அதுதான் காரணம்.

பட்டியலில் ஒரு காலி இடம்

இவ்வளவு புத்தகம் சொன்னேனே, பாருங்கள், இதில் சிங்கம் இருக்கிறது, ஓநாய் இருக்கிறது, லண்டன் குதிரை இருக்கிறது. சிறுமலைக் காட்டுமாடு இல்லை, சிறுமலைப் பொதிக்குதிரை இல்லை. தேவாங்கு இல்லை. அய்யலூர், கடவூர் பக்கத்துக் காடுகளில் தேவாங்கு இருக்கிறது. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அதுதான். ராத்திரியில் மெதுவாக நடந்து பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவி செய்கிற பிராணி. நாம் அதற்குச் செய்தது என்ன? ஒல்லியாக ஒருத்தன் வந்தால், "தேவாங்கு மாதிரி இருக்கான்" என்போம். ஒரு பிராணியை வசவாக மட்டும் தெரிந்து வைத்திருக்கிற ஊர் அதைக் காப்பாற்றுவது கஷ்டம்.

ஆகவே தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது ஆளுக்கொரு நோட்டும் கொண்டு வாருங்கள். இந்த மலையில் இன்னும் குதிரை ஓட்டுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், காட்டுமாடு தோட்டத்துக்குள் வந்த ராத்திரியைச் சொல்கிற பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம். அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள். அடுத்த வருஷம் நம் மலரில் நாலு பக்கம் அதற்கு ஒதுக்க வேண்டும் என்று தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று. புத்தகம் வாங்கிக் கொடுப்பதோடு கடமை முடியவில்லை. ஒரு பக்கமாவது சேர்ந்து உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். நடுவில் பிள்ளை கேள்வி கேட்டால் கதையை நிறுத்துங்கள், கேள்விதான் முக்கியம். அழுதால் அழ விடுங்கள். "அது வெறும் கதைதானே" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கடைசியாக, பஸ்ஸில் கேட்ட பேரனுக்கு. தம்பி, இங்கே வா. அது நல்லதா கெட்டதா என்று கேட்டாய். அது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதற்குப் பசி, புல் தின்றது. நம் பஸ் சத்தம் போட்டது, நிமிர்ந்து பார்த்தது. நாம் இறங்கிக் கிட்டே போனால் குட்டிக்காகப் பயந்து முட்டும். நாம் தூரத்தில் நின்றால் அது பாட்டுக்குப் போகும். அது இருக்கிற மலைக்குத்தான் நாம் வந்திருக்கிறோம். திரும்பிப் போகும்போது மறுபடி தெரிந்தால் தாத்தாவை எழுப்பிக் காட்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருப்பார்.